செவிக்கு ஒரு வழக்கு

ரசலையன் அதே சக்கையை நான்காவது தடவையாகத் தட்டினான்.

தக்கலைச் சந்தையில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பேர். விளைந்த சக்கையைத் தட்டினால் வயிற்றுக்குள்ளிருந்து ‘டொம்’ என்று பதில் வரும். விளையாதது ‘டங்’ என்று முறைக்கும். பதினைந்து வருஷமாக அந்தப் பதிலைக் கேட்டுத்தான் ரசலையன் சோறு தின்றான். இன்று எல்லாச் சக்கையும் ‘ஙொய்’ என்றது. சக்கையை விட்டுக் கையை எடுத்த பிறகும் ‘ஙொய்’ என்றது.

பக்கத்துக் கடை சுலைமான் ஏதோ சொல்லிச் சிரித்தான். ரசலையனுக்கு அவன் உதடுதான் தெரிந்தது.

"லே, உரக்கச் சொல்லு!"

சுலைமான் அவன் செவியருகே வந்து கத்தினான். "சக்கைக்குத் தாலாட்டா பாடுதன்னு கேட்டேன்!"

சக்கை வாங்கப் பேச்சிப்பாறை மலைக்குப் போகும்போதெல்லாம் ரசலையன் குளிர்காய்ச்சலையும் சேர்த்து இறக்கிக்கொண்டு வருவான். டாக்டர் தேவகுமார் கொயினா மருந்து கொடுப்பார். மூன்று நாளில் காய்ச்சல் நிற்கும். மீதி மருந்தை முருங்கை மரத்தடியில் ஊற்றுவான். மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்ப வரும்; வயிற்றின் இடப்பக்கத்துக் காய்ச்சல்கட்டியும் கொஞ்சம் பெருக்கும். அவன் அண்ணனும் இப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். போன வருஷம் செத்துப்போனான்.

இந்தத் தடவை டாக்டர் அளவைக் கூட்டினார். நாலாம் நாள் காய்ச்சல் போயிற்று. செவியும் போயிற்று.

ரசலையன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். "டாக்டரே, செவியை அவிச்சுட்டீரே!"

"கொயினா அப்படித்தான் செய்யும். நிறுத்தினா செவி திரும்பி வரும்" என்று டாக்டர் தொண்டை கிழியச் சொன்னார். "ஆனா இப்ப நிறுத்தப்பிடாது. நாப்பது நாளு குடியும். இல்லேன்னா அண்ணன் போன வழிதான்."

"நாலு நாளுல ரெண்டு செவி போச்சு. நாப்பது நாளுல என்னெல்லாம் போவும்? ஒரு சொட்டு தொடமாட்டேன். கோர்ட்டுல பாத்துக்கிடுதேன்!"

ரசலையனின் அப்பா ஒரு வரப்புக்காகப் பதினெட்டு வருஷம் கோர்ட்டு ஏறியவர். அந்தக் குடும்பத்தில் மருந்து குடிக்கத்தான் பொறுமை கிடையாது.

மறுநாள் காலையில், அப்பாவின் வரப்பு வழக்கை நடத்திய வக்கீல் பகவதியப்பன் வீட்டு முற்றத்தில் நின்றான். வக்கீல் முழுக்கக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கத்தினார்.

"கேசு நிக்கும் வேய்! ஆனா எதிர்க்கட்சி வக்கீலு முதல்ல என்ன கேப்பான் தெரியுமா? டாக்டரு சொன்னபடி குடிச்சீரான்னு கேப்பான். நாலு நாளு குடிச்சேன்னு சொன்னீருன்னா, தப்பு உம்ம பேருலன்னு கேசைத் தூக்கி வீசிருவான்."

"அதுக்கு?"

"நாப்பது நாளும் குடிக்கணும். ஒரு வேளை குறையப்பிடாது, ஒரு சொட்டு கூடப்பிடாது. ஒவ்வொரு வேளையும் சாட்சி பாக்கணும், நோட்டுல கையெழுத்து வாங்கணும்."

"செய்யுதேன்."

"மலைக்குப் போவாதேயும். அங்க எதையோ தின்னு செவி போச்சும்பான். ராத்திரி கொசுவலைக்குள்ள படும். கொசு செவிக்குள்ள பூந்துட்டுன்னு சொன்னாலும் சொல்லுவான், வெக்கங்கெட்டவனுவ."

கோர்ட்டு இத்தனை நுணுக்கமாகப் பார்க்கும் என்பதில் ரசலையனுக்கு ஒரு பெருமிதமே வந்தது.

வக்கீல் கத்திய கத்தலில் மத்தியானத்துக்குள் தக்கலை முழுக்க வழக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊரில் கொயினா கிடைப்பது ஒரே இடத்தில்தான். ரசலையன் குப்பியோடு ஆஸ்பத்திரிக்கே போனான்.

"மருந்து குடும் டாக்டரே. உம்ம மேல கேசு போடணும்."

டாக்டர் குப்பியை நிறைத்துக் கொடுத்தார்.

சாட்சி சுலைமான். மூன்று வேளையும் கடையை விட்டு எழுந்து வருவான். "வாயத் திற. நாக்கைத் தூக்கு" என்று சைகை காட்டுவான். உள்ளே போனதை உறுதிசெய்துகொண்டுதான் கையெழுத்துப் போடுவான். கசப்பு தாங்காமல் ரசலையன் முகத்தைக் கோணினால், அந்தக் கோணலையும் நோட்டில் எழுதினான்.

மருந்து ஏற ஏற ‘ஙொய்’ பெருத்தது. இரணியல் கல்யாண வீடு ஒன்றுக்குப் பன்னிரண்டு சக்கையைத் தட்டிப் பார்த்து, குத்துமதிப்பாகக் கொடுத்தான். மறுநாள் பன்னிரண்டும் வண்டியில் திரும்பி வந்தன. வெட்டிய இடமெல்லாம் பால் ஒழுகியது. கூடவே பெண்ணின் தகப்பனாரும் வந்தார். அவர் திட்டியது எதுவும் ரசலையனுக்குக் கேட்காதது அவருக்கு இன்னும் ஆத்திரம்.

இதைச் சரிசெய்ய மனைவி சத்தியபாயைச் சந்தைக்குக் கூட்டி வந்து தட்டச் சொன்னான். அவள் இரண்டு விரலால் சும்மா ஒரு தட்டுத் தட்டி, மூத்தது இளசு என்று பிரித்து வைத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்குப் பிறகு வாங்க வந்தவர்கள், "அம்மா இல்லியா? அப்ப நாளைக்கு வாறோம்" என்று திரும்பிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லோரும் பாட்டை முடித்து உட்கார்ந்த பிறகு, ரசலையன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு சரணம் பாடினான். போதகர் காத்திருந்தார். வேறு என்ன செய்வது?

இருபத்தேழாம் நாள் குப்பியைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினான்.

"எனக்கு இந்தக் கேசே வேண்டாம்! சக்கை யாவாரமும் போச்சு, மானமும் போச்சு."

"இன்னும் பதிமூணு நாளுதான் வேய்! உம்ம அப்பாவு பதினெட்டு வருசம் ஏறினாரு. நீரு பதிமூணு நாளுல கைகழுவுனா ஊருல என்ன பேசுவானுவ?"

அது சரியான இடத்தில் பட்டது. ரசலையன் குப்பியோடு திரும்பி வந்தான்.

நாற்பதாம் நாள் சுலைமான் கடைசிக் கையெழுத்தைப் போட்டான். அதற்கு ஐந்தாம் நாள் விடியலில், காக்கை கத்துவது ரசலையனுக்குக் கேட்டது. பிறகு சத்தியபாய் அடுக்களையில் அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டது. அத்தனையும் தெளிவாகக் கேட்டது.

அவன் பதறி எழுந்தான். வழக்கு போச்சே!

வேட்டியை இறுக்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினான். "ஐயா, செவி கேக்குது! என்ன செய்ய?"

"கேக்குதா? அப்ப கேசு இல்ல" என்றார் வக்கீல், வெகுநாளைக்குப் பிறகு மெதுவான குரலில். "சரி, காய்ச்சல் வந்துதா?"

ரசலையன் யோசித்தான். மூன்று வாரம் இரண்டு தடவை கழிந்துவிட்டது. காய்ச்சல் வரவில்லை. வயிற்றின் இடப்பக்கம் கல்மாதிரி இருந்த கட்டியை அமுக்கிப் பார்த்தான்; கைக்கு அகப்படவில்லை. இரண்டு வேளை கஞ்சியை மறந்து மூன்று வேளை சோறு தின்றுகொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. அண்ணனும் எவன் மேலாவது ஒரு வழக்குப் போட்டிருக்கலாம் என்று நினைத்தான்.

வக்கீலைக் கும்பிட்டான். சந்தைக்கு வந்து சுலைமானையும் கும்பிட்டான். "போலே, சோலியப் பாரு" என்றான் சுலைமான். பிறகு ரசலையன் இருந்ததிலேயே பெரிய சக்கையைத் தானே தட்டி எடுத்தான். அது ‘டொம்’ என்றது. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க, அதைத் தோளில் ஏற்றி நடந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பவுண்டர் ஞானசிங் இருந்தார். ரசலையனின் செவி திரும்பியது அவருக்குத் தெரியாது. ஊமைக்குக் காட்டுவதுபோல் கையை ஆட்டி, அவனை பெஞ்சில் உட்காரச் சொன்னார். ரசலையன் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் கம்பளியைப் போர்த்து நடுங்கிக்கொண்டிருந்த மலைக்காரன் ஒருவன் சொன்னான்: "மூணு நாளு மருந்து போதும். அதுக்கு மேல குடிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு வெயில் காய முற்றத்துக்கு இறங்கிப் போனான். கம்பவுண்டர் குரலைத் தணிக்கவில்லை. பெஞ்சில் இருந்த செவிடனுக்காக எதற்குத் தணிக்க வேண்டும்? உள்ளே பார்த்துக் கேட்டார்:

"ஐயா, இஞ்ச இன்னொருத்தன் மூணு நாளுதான் குடிப்பேங்கான், நம்ம ரசலையனுக்குச் செய்தமாதிரி பகவதியப்பன் வக்கீலுக்கு ஒரு சீட்டு குடுத்து விடட்டா?"