ஃபிரிட்ஜில் வைத்த புஷ்

வெண்கலப் புஷ் துளைக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கவாட்டில் எண்ணெய் விட ஒரு ஓட்டை வைத்த விரல் நீளக் குழாய்தான், துளையைவிட மயிரிழை பெரிசு. சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும். உள்ளே போகாவிட்டால் அச்சகத்தின் பெரிய எந்திரம் ஓடாது.

“சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா உங்க மச்சானைக் கூப்பிட்டுக்கிறேன்,” என்றார் முதலாளி.

ஃபிட்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். மச்சானும் ஃபிட்டர்தான். வேலை போனால்கூடத் தொலைகிறது, அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டே சரிசெய்வதை யார் பார்ப்பது?

உலோகம் குளிர்ந்தால் சுருங்கும். வீட்டுக்கு ஓடி, புஷ்ஷை ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்துக் காவல் காத்தார். பிறகு துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். வந்து சேர்வதற்குள் அது பழையபடி உப்பிவிட்டது.

மறுபடி வீடு. இந்தமுறை ஒரு வாளி ஐஸோடு வந்தார். மிஞ்சிய ஐஸை வீணாக்குவானேன் என்று எந்திரத்தின் துளையைச் சுற்றியும் அப்பினார். துளையும் சேர்ந்து சுருங்கித் தொலைத்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் ஃபிரிட்ஜையே தள்ளுவண்டியில் ஏற்றினார். பால் கெட்டுப்போனால் நீங்கள்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி மனைவி வழியனுப்பினாள். தள்ளுவண்டிக்காரர் முக்கி முனகி அதை எந்திரத்துக்குப் பக்கத்திலேயே இறக்கினார். ஃபிட்டர் பிளக்கைச் சொருகிப் புஷ்ஷை ஐஸ் அறையில் வைத்தார்.

மாலை நான்கு மணி. உறை மாட்டிய கைகளால், பனி பூத்த புஷ்ஷைச் சாய்வான துளையின் வாயில் வைத்துவிட்டு விரலை எடுத்தார். அடிக்கவில்லை, தள்ளவில்லை. அது தானாக, சத்தமே இல்லாமல், உள்ளே இறங்கியது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் உலோகத்தோடு குப்பை கொட்டியவர். அதற்குள் இப்படி ஒரு உயிர் இருக்கிறது என்று இன்றுதான் கண்டார். சற்று நேரத்தில் புஷ்ஷின் குளிர் விட்டது. அது விரிந்து துளையை இறுகப் பிடித்துக்கொண்டது.

“இனி அசையாதுல்ல?” என்றார் முதலாளி பயபக்தியோடு.

“கடவுளே வந்து இழுத்தாலும் வராதுங்க.”

தள்ளுவண்டிக்காரர் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“வண்டி தள்றவன், எனக்கென்னங்க தெரியும்? ஆனா எண்ணெய் விடுற ஓட்டை மேல பார்த்துல்ல இருக்கணும்? இது தரையைப் பார்த்து இருக்கே.”