நிகர எடை

என்னை ஏமாற்றிய தராசு இதுவரை பிறக்கவில்லை.

இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எடையளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். ஒற்றப்பாலம் சந்தைக்குள் கோவிந்தன்குட்டி நுழைந்தால் மீன்காரர்களின் தராசுத் தட்டுகள் தாமாகவே சமமாகிவிடும். தட்டின் அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த படிக்கல், தற்செயலாகப் பட்டதுபோல் தட்டில் படும் கட்டைவிரல், எல்லாம் பார்த்த கண் இது. ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் எனக்கு ஒரு பித்தளைத் தராசு கொடுத்தார்கள். கிராம் வரைக்கும் படிக்கல் உண்டு. முன்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. என் மனைவி வத்சலா அதைத் துடைக்கலாம். தொடக்கூடாது.

ஓய்வுக்குப் பிறகு நான் வேலையை மட்டும்தான் விட்டேன். சாப்பாட்டை விடவில்லை. விளைவு, சென்ற ஓணத்தன்று வத்சலாவின் அண்ணன் தாமோதரன் வீட்டு விருந்தில் தெரிந்தது. இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை.

"அளியா, ரெண்டு பேரைக் கூப்பிடட்டுமா, இல்ல ஒரு கிரேன் சொல்லட்டுமா?" என்றார் தாமோதரன். மைத்துனர்களை எங்கள் ஊரில் அளியா என்றுதான் கூப்பிடுவோம்.

"பாயசம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"பாயசத்தைக் குறை சொல்லாதீங்க. ஊரையெல்லாம் நிறுத்தீங்களே, உங்களை எதுல நிறுக்கறது? கூட்ஸ் ஷெட்டுக்குத்தான் போகணும்!"

பந்தியே சிரித்தது. தாமோதரனுக்குக் கடைவீதியில் மளிகைக்கடை. முத்திரை இல்லாத அவருடைய தராசை, சொந்த மைத்துனர் என்றும் பாராமல் நான் ஒருமுறை பறிமுதல் செய்திருக்கிறேன். அவர் அதை மறக்கவில்லை. நானும் மறக்க விடவில்லை.

என் மானம் இலையில் கிடந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

"அளியா! வர்ற சித்திரை விஷுவுக்குள்ள எண்பது கிலோவுக்கு வர்றேன். பகவதி கோயில்ல துலாபாரத் தட்டுல உக்கார்றேன். ஊரே வந்து பாக்கட்டும்."

"எண்பது கிலோ நேந்திரம்பழம் என்னோட காணிக்கை. அதுக்கு மேல ஒரு பழம் ஏறினா?"

"என் பித்தளைத் தராசு உங்களுக்கு."

தாமோதரன் மோர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கல்லாவுக்குப் பக்கத்துல இடம் ஒழிச்சு வைக்கறேன். ஏலக்காய் நிறுக்க ஆகும். ஏறலேன்னா, ஊர் முன்னால உங்க கையைப் பிடிச்சு 'ஜெயிச்சீங்க அளியா'ன்னு சொல்றேன்."

அன்று நான் தொண்ணூற்றாறு கிலோ.

மறுநாளே குளியலறைக்கு ஒரு தராசு வந்தது. ஏறி நின்றால் வட்டமுகத்தில் ஊசி ஓடும் வகை. எங்கள் துறையில் ஒரு தர்மம் உண்டு: நிகர எடைதான் எடை. டப்பாவின் எடையைச் சரக்கின் மேல் ஏற்றக்கூடாது. எனவே ஒவ்வொரு ஞாயிறும் தராசில் ஏறும்முன் சங்கிலியைக் கழற்றுவேன். மோதிரத்தைக் கழற்றுவேன். மூக்குக்கண்ணாடியையும் கழற்றுவேன். கண்ணாடி என்ன, என் சதையா? அதைக் கழற்றினால் எனக்கு ஊசி மட்டுமல்ல, தராசே மேகம்போலத்தான் தெரியும். அதனால் வத்சலா குனிந்து ஊசியைப் பார்த்து உரக்கப் படிப்பாள்.

"தொண்ணூத்துமூணு!"

"பாத்தியா!"

தேங்காய் போடாத அவியல் தின்றேன். பொடியரிக் கஞ்சி குடித்தேன். நிளா ஆற்றங்கரையில் நடந்தேன். தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு! ஒவ்வொரு முறை ஊசி இறங்கியபோதும், வெற்றி வீரன் சும்மா இருக்கலாமா? குஞ்சப்பன் டீக்கடைக்குப் போய் நான்கு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, சாப்பிட்டுக் கொண்டாடினேன். வத்சலாவுக்குத் தெரியாமல்தான்.

அப்புறம் ஊசி நின்றது.

"எண்பத்தாறு" என்றாள் வத்சலா.

அடுத்த ஞாயிறு. "எண்பத்தாறு."

"சரியாப் பாரு."

"எண்பத்தாறேதான். ஊசி அங்கயே வீடு கட்டிக் குடியேறிடுச்சு போல."

கஞ்சியில் பாதியைக் குறைத்தேன். எண்பத்தாறு. நடையை இரட்டிப்பாக்கினேன். எண்பத்தாறு. டாக்டரிடம் போனேன். அவர் என்னை நிறுக்கக்கூட இல்லை. "ஒரு கட்டத்துல உடம்பு இறங்காம நிக்கத்தான் செய்யும். விடாமத் தொடருங்க" என்றார். ஆற்றங்கரையில் நின்று நிளாவைப் பார்த்தேன். மழைக்காலத்தில் கரை புரண்ட ஆறு, இப்போது விலா எலும்பு மாதிரி மணல் வரிகள் தெரிய, ஒரு ஓரமாக ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேளைக் கஞ்சியும் குடிக்காமல் இவள் எப்படி இப்படி இளைத்தாள் என்று பொறாமையாக இருந்தது.

விஷு நெருங்கியது. கடைவீதியில் போனால் தாமோதரன் கல்லாவுக்குப் பக்கத்தில் வெல்ல டின்களை நகர்த்தி இடம் காட்டுவார். பித்தளைத் தராசின் அளவுக்குச் சரியாக.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

குளியலறைத் தராசின் பின்னால் ஊசியைச் சரிசெய்ய ஒரு சிறு சக்கரம் உண்டு. அதை இரண்டு கிலோ குறைத்துத் திருகினேன். ஆயிரம் வியாபாரிகளை எதற்காகத் தண்டித்தேனோ, அதையே! காரணம் நல்ல காரணம். எடை குறைந்ததென்று வத்சலா நம்பினால் அவியலுக்குத் தேங்காய் திரும்பும். தெம்பு வரும். தெம்பு வந்தால் உண்மையாகவே குறைப்பேன்.

ஞாயிறு. கண்ணாடியைக் கழற்றினேன். ஏறினேன். முகத்தில் ஆச்சரியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எண்பத்தாறு" என்றாள்.

அவள் நகர்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசை ஆராய்ந்தேன். ஊசி நான் திருகி வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. அப்படியானால் ஒரே முடிவுதான்: இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன்!

இன்னொரு இரண்டு கிலோ திருகினேன். அடுத்த ஞாயிறும் எண்பத்தாறு. மேலும் இரண்டு திருகினேன். எண்பத்தாறு! கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. விஷுவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

யாரிடம் சொல்வது? தராசு சரியில்லை என்று புகார் செய்தால், முதல் குற்றவாளி புகார்தாரரே. கடைத் தராசில் ஏறிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஊரில் நான் அபராதம் போடாத கடை இல்லை. என் எடை நான் இறங்குவதற்குள் தாமோதரன் காதில் விழும். இடுப்பு சொல்லாதா என்று கேட்பீர்கள். கால்சட்டைக்காரனுக்குச் சொல்லும். வேட்டிக்கு ஏது அளவு? யானைக்கும் சுற்றும், பூனைக்கும் சுற்றும்.

பயந்தேன். பயத்தில் பழம்பொரியை மறந்தேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. குஞ்சப்பன் கடை வாசலில் நின்று கூப்பிட்டான்.

"சார், உடம்பு ஏதும் சரியில்லையா? இப்படி ஆயிட்டீங்களே!"

வியாபாரம் போன துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷுவன்று கோயிலில் ஊரே இருந்தது. தாமோதரன் தன் கடையில் நிறுத்துக் கொண்டுவந்த நேந்திரங்குலைகளைப் பாயில் அடுக்கியிருந்தார். தலையில் துண்டு கட்டி, என் பித்தளைத் தராசைத் தூக்கிப்போக ஆளோடு வந்திருந்தார். பெரிய துலாத்தட்டு சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முள்ளைப் பல வருடம் நானே சரிபார்த்திருக்கிறேன். அது பொய் சொல்லாது என்பதுதான் என் பயமே.

"கண்ணாடியைக் குடுங்க" என்று வத்சலா கை நீட்டினாள்.

கொடுத்தேன். சங்கிலி, மோதிரம் எல்லாம் கொடுத்தேன். மனதுக்குள் பித்தளைத் தராசுக்கும் விடை கொடுத்தேன். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்த்தட்டில் குலைகள் விழும் ஓசை. ஒன்று. இன்னொன்று. நீர்க்குமிழிபோல் நான் மெல்ல எழும்பினேன்.

"போதும்! போதும்! சரியா நிக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"இன்னும் இருக்கு" என்று தாமோதரனின் குரல் கம்மியது. "அளியா, பாயில இன்னும் ஒரு பெரிய குலை இருக்கு!"

கண்ணைத் திறந்தேன். மேகத்துக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அஞ்சு கிலோ இருக்கும் என்றார்கள். நான் எழுபத்தைந்து!

தாமோதரன் வந்து என் கையைப் பிடித்தார். "ஜெயிச்சீங்க அளியா." ஊர் கைதட்டியது. நான் தட்டிலிருந்து இறங்கவே இல்லை. அங்கிருந்தே பேசினேன். கட்டுப்பாடு பற்றி. மன உறுதி பற்றி. ஒரு தனிமனிதன் யார் துணையும் இல்லாமல் எதைச் சாதிக்க முடியும் என்பது பற்றி. வத்சலா என் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் குலையில் ஒரு பழத்தை எடுத்துப் பழம்பொரி போட்டுத் தட்டில் கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று.

"வத்சலா, குளியலறைத் தராசு ஃப்ராடு. இன்னைக்கே பறிமுதல் பண்றேன்."

"அது என்ன பண்ணிச்சு, பாவம்?"

"எழுபத்தஞ்சை எண்பத்தாறுன்னு காட்டுதே!"

"அது எங்க காட்டிச்சு? போன ஞாயித்துக்கிழமை அறுபத்தொம்பதுன்னு காட்டிச்சு. நீங்க திருகி வெச்ச ஆறைக் கூட்டினேன், எழுபத்தஞ்சு. அதுக்கு மேல நான் பதினொண்ணு போட்டேன். எண்பத்தாறு."

கடித்த பழம்பொரியைத் தட்டில் வைத்தேன்.

"நான் திருகினது உனக்கு..."

"ஆள் ஏறாத தராசுல ஊசி பூஜ்யத்துக்குப் பின்னால நிக்குது. 'தட்டு காலியா இருக்கும்போது முள்ளைப் பாரு'ன்னு கல்யாணமான புதுசுல சந்தைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"ஏன் வத்சலா இப்படிப் பண்ணினே?"

"குறைஞ்சதுன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் குஞ்சப்பன் கடைக்குப் போனீங்க. நாலு பழம்பொரி. அவன் பொண்டாட்டி எங்க அயல்கூட்டம் மகளிர் குழுவுலதான் இருக்கா. குறையலேன்னு சொன்னேன், ஆத்தங்கரைக்குப் போனீங்க. எனக்கு நீங்க வேணும், ஏட்டா. நாலு பழம்பொரிக்கு விட்டுக்குடுக்க முடியுமா?"

தராசைச் சோதித்தேன், சக்கரத்தைச் சோதித்தேன், ஊசியைச் சோதித்தேன். படிக்கிற வாயைச் சோதிக்க எங்கள் துறையில் முத்திரை கிடையாது. ஆனாலும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சந்தை முழுவதும் சேர்ந்து என்னிடம் சாதிக்க முடியாததை என் வீட்டுக்காரி ஒருத்தி சாதித்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன்" என்றேன்.

"அப்படி அந்தக் கண்ணாடி என்னதான் கனம்? பாத்துடுவோமே" என்று சொல்லி, என் மூக்கிலிருந்து அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. பித்தளைத் தட்டு கிண்ணென்றது.

"வத்சலா! அதைத் தொடாதே!"

"தொட்டாச்சு. இருபத்தெட்டு கிராம். இதுக்காகவா கழட்டினீங்க?"

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். தராசு பொன்னிற மேகமாகத் தெரிந்தது. கண்ணாடி தட்டில் இருந்ததால், அவள் சொன்னதையே நம்பினேன்.