சுவீடன் ஜின்னும் இலோகானோ ஜின்னும்

என்ட முன்னறையை ஆருக்கும் விட்டுக்குடுக்கிறதில்ல எண்டு ஒரு ஜும்ஆ முடிஞ்சு வரேக்க முடிவெடுத்தன். இருபத்தாறு வருசக் கலியாண வாழ்க்கையில நானாக எடுத்த முதல் முடிவு.

விசயம் இதுதான். என்ட பொஞ்சாதி ஸல்ஹா அந்த அறையில தையல் வகுப்பு தொடங்கப் போறாவாம். அங்கதான் என்ட சாய்மனைக் கதிரை கிடக்கு. ஜன்னலால துறைமுகத்துக் காத்து நேரா நெஞ்சில படும். பகல் சோறு திண்டுபோட்டுச் சாய்ஞ்சா நான் இந்த உலகத்தில இல்ல. அதையும் பறிச்சா எனக்கெண்டு என்ன மிச்சம் கிடக்கு, சொல்லுங்க?

ஸல்ஹாவை வாயால வெல்ல ஏலாது. அவவின்ட உம்மாவாலயே ஏலாமப் போனது.

என்ட தொழில் கப்பலுகளுக்கு லோஞ்சிப் படகில மரக்கறி கொண்டு போறது. அந்தக் கிழமை போன கப்பலில சமையல்காரன் பிலிப்பைன்ஸ்காரன். ஊர்ப் பாஷை இலோகானோ. அவன் சுடுதண்ணியை ஊத்த முந்தி குனிஞ்சு ஏதோ முணுமுணுத்தான். என்னண்டு கேட்டன். கண்ணுக்குத் தெரியாத ஆக்கள் கீழ நிண்டா விலகிப் போகட்டும் எண்டு சொல்றதாம். பக்கத்தில நிண்ட சுவீடன் எஞ்சினியர், தங்கட ஊரிலயும் பழைய ஆக்கள் இப்பிடித்தான் சொல்லுவாங்களாம் எண்டு தன்ட பாஷையில சொல்லிக் காட்டினார். பிஸ்மில்லா சொல்லாமச் சுடுதண்ணி ஊத்தினா ஜின்னில பட்டிடும் எண்டு நாங்களும் சொல்றதானே! ரெண்டு பேரையும் சொல்லிச் சொல்லி ஊத்த வைச்சு ஃபோனில பதிஞ்சனான். ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை வாங்கி முன்னறை அலுமாரிக்கு மேல ஒளிச்சன்.

மஃரிப் நேரம். துறைமுகத்துத் தண்ணி கறுத்துக்கொண்டு வருது. காகம் ஒண்டும் கத்தல்ல. நான் குசினி அடுப்படியில இருந்து, சாரன் மடிக்குள்ள ஃபோனில சுவீடன்காரன்ட குரலை அமத்தினன்.

"இஞ்சாருங்க."

"என்ன?"

"முன்னறையில ஆரோ கதைக்கிறாங்க."

"ஆரும் இல்லையே புள்ள."

"ஆம்பிளைக் குரல். ஏறி ஏறி இறங்குது. தொட்டில் ஆட்டுற மாதிரி."

"அல்லாஹ்வே! அப்ப அது ஜின்தான்!"

"எந்த ஊர் ஜின்?"

"ஜின்னுக்கு ஏது ஊர்?"

"பாஷை இருக்கெண்டா ஊரும் இருக்கத்தானே வேணும்."

அடுத்த நாள் மஃரிப்புக்கு இலோகானோவைப் போட்டன். ஸல்ஹா கதவில காதை வைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டா. பாக்க எனக்கே பயமாயிருந்தது.

"இது வேற ஆள்," எண்டா மெதுவா. "நேத்தையான் சொல்லை நீட்டி ஆட்டுறான். இவன் ஒரே சொல்லை ரெண்டு தரம் சொல்றான். நடுவில தொண்டையை அடைச்சு அடைச்சுத் திறக்கிறான். நேத்தையான் குளிர் நாட்டுக்காரன். இவன் சோறு திங்கிறவன்."

"அதெப்பிடித் தெரியும்?"

"குரலில பசி தெரியுதே."

"ரெண்டு ஜின் குடியிருக்கிற அறையில பிள்ளையளை இருத்தித் தையல் படிப்பிக்க ஏலுமா ஸல்ஹா?"

"ஓம். ஏலாதுதான்."

ஏலாதுதான் எண்டு அவ வாயாலயே சொன்னா! மூண்டாம் நாள் சந்தோசத்தில ரெண்டு குரலையும் மாறி மாறி ஓட விட்டன்.

நாலாம் நாள். பள்ளியில மஃரிப் தொழுதுபோட்டு வாறன். கரண்ட் இல்ல. வாசல் கதவு அரைவாசி திறந்து கிடக்கு. வீட்டுக்குள்ள ஒரு மூச்சுச் சத்தமும் இல்ல.

"ஸல்ஹா?"

முன்னறைக்குள்ள இருந்து மறுமொழி வந்தது.

"அக்தா ஏர்..."

சுவீடன்! சேட்டுப் பைக்குள்ள கையை விட்டன். ஃபோன் ஓஃப்பில கிடக்கு. அதோட, இது பொம்பிளைக் குரல். கதவைத் தள்ளினன். என்ட சாய்மனைக் கதிரையில வெள்ளைத் தொழுகை உடுப்போட ஸல்ஹா. ஜன்னலால வாற மங்கல் வெளிச்சத்தில கண் திறந்திருக்கிறது தெரியுது. இமைக்கல்ல. என்னைப் பாக்கிறா, ஆனா என்னைப் பாக்கல்ல. கையில ஆவி பறக்கிற கேத்தல்.

எழும்பினா. ஒரு எட்டு வைச்சா. கேத்தல் என்ட காலுக்கு மேல வந்து சரிஞ்சது.

"தாய்தா தாய்தா... ஆப்போ..."

இது இலோகானோ! இந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன ஊத்துப்படும் எண்டு இந்தத் திருகோணமலையிலேயே தெரிஞ்ச ஒரே மனிசன் நான்தான்.

"ஆர் நீ? அவவை விடு!"

கேத்தல் இன்னும் கொஞ்சம் சரிஞ்சது. அதின்ட மூக்கில ஒரு துளி தொங்குது.

"என்ன வேணும் உனக்கு? இந்த அறையா? எடு! வல்லாஹி, நான் இனி இதுக்குள்ள காலே வைக்கமாட்டன்! என்ட பொஞ்சாதியை மட்டும் விட்டிடு!"

"கதிரை," எண்டுது அந்தக் குரல், கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி.

இருட்டுக்குள்ள சாய்மனைக் கதிரையை நானே இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் போட்டன். திரும்பி வந்து கைகட்டி நிண்டன்.

"அலுமாரி. இடப்பக்கம்."

கலிமா சொல்லிச் சொல்லித் தள்ளினன். இடுப்பு நாரி முறிஞ்சு போச்சு.

"இன்னும் கொஞ்சம். ஊசி கோர்க்க ஜன்னல் வெளிச்சம் வேணும்."

இன்னும் கொஞ்சம் தள்ளினன். மூச்சு வாங்கிக்கொண்டு நிக்கேக்கதான் மண்டைக்குள்ள ஏதோ இடிச்சது. எந்த ஜின் ஊசி கோர்க்கிறது?

ஸல்ஹா ரெண்டு கோப்பையை எடுத்துக் கேத்தலைச் சரிச்சா. பிளேன்டீ.

"குடியுங்க. களைச்சுப் போயிட்டீங்க."

"உனக்கு... உனக்கு எப்பிடி அந்தப் பாஷையெல்லாம்..."

"மூண்டு நாளாப் படிப்பிச்சது நீங்கதானே. நான் பாடமாக்கினன்."

"சுடுதண்ணி விசயம் எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு பேரும் சொல்லி முடிய ஊத்துற சத்தமும் அதுக்குள்ளயே கேட்டதே. அலுமாரிக்கு மேல தூசி தட்டேக்கதான் உங்கட ஜின் கையில தட்டுப்பட்டுது." ஒரு மிடறு குடிச்சா. "பாஷை ரெண்டும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா சொல்ற விதத்தில ரெண்டும் ஒரே பயம்தான். பிஸ்மில்லா சொல்லேக்க நமக்கு வாற அதே பயம்."

"அப்ப அறை?"

"வல்லாஹி எண்டு அல்லாஹ்வில சத்தியம் பண்ணிட்டீங்களே."

இப்ப அந்த அறையில எட்டுப் பிள்ளையள் தைக்குதுகள். உள்ளுக்குப் போகாம, வாசல்படியில இருந்து பட்டன் தைச்சுக் குடுக்கிறது நான்.