சம்பந்திக்கு, கரைந்த கல்லைப் பற்றி

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நாங்களும் உங்கள் மகனும் மருமகளும் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அதைப் பற்றித் தினமும் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டம்மாவின் தலைவலியும் கூடவே குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்ததும் நாம் இருவரும் ஒரே குரலில், மண் வீடு வேண்டாம், சிமெண்டில் கட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம் அல்லவா? அந்தக் குரலில் என் பங்கை நான் வாபஸ் வாங்குகிறேன். தயவுசெய்து உங்கள் பங்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தை உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் முழங்கால் வலிக்கும்.

வாழ்நாளெல்லாம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவன் நான். என் பழைய சட்டைகளைத் தட்டினால் இன்றும் தூசி வரும். அப்படிப்பட்டவனின் மகள், சூளையில் சுடாத பச்சை மண் கல், இடித்த வீடுகளில் வாங்கிய கதவு ஜன்னல், சுண்ணாம்புப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? விறகு மிச்சம், புகை மிச்சம் என்றாள். மானம் மிச்சமாகுமா என்று கேட்டேன். இப்போதைய வாடகை வீட்டில் சுவரெல்லாம் ஈரம் பூத்து, படுத்தாலே இளைப்பு வந்து, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாளே, அதற்காகத்தான் என்றாள். பதில் இல்லாதபோது என் குரல் எவ்வளவு உயரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் மாதிரிக்கு ஒரே ஒரு அறையைக் கட்டி முடித்தாள். மற்ற அறைகளுக்கான கல்லை வார்த்து வெயிலில் அடுக்கிவிட்டு, போன வாரம் அலுவலக வேலையாக வெளியூர் கிளம்பினாள். போகும்போது, "கல்லைக் கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிமெண்ட் வேலை தெரிந்தவனுக்கு, பார்த்துக்கொள்வது என்றால் தண்ணீர் விடுவது. பிடிக்காத வேலையானாலும் குறை வைக்கக் கூடாதே என்று குழாயைப் பிடித்துக் காலையும் மாலையும் குளிரக் குளிர விட்டேன். கல் பளபளத்தது. பிறகு வழவழத்தது. பிறகு தூக்கம் வந்தவர்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தது. முட்டுக் கொடுக்க ஓடினேன். வழுக்கிக் குப்புற விழுந்தேன். மண்ணைக் கவ்வினான் என்று பேச்சுக்குச் சொல்வோம் இல்லையா, நான் நிஜமாகவே கவ்வினேன். உப்புச் சப்பில்லை.

மகள் திரும்பி வந்தபோது, எல்லாம் மண்ணாய்ப் போயிற்றே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"மண்ணாத்தானேப்பா போச்சு? மறுபடி கல்லாக்கிக்கலாம். நீங்களும் இறங்குங்க."

இறங்கினேன் சம்பந்தி. வைக்கோலைத் தூவி அவளும் மேஸ்திரியும் நானும் மிதித்தோம். கரைந்த அதே மண், அதே அச்சில், மறுபடி கல்லாக வந்து உட்கார்ந்தது. சிமெண்ட் ஒரு தடவை இறுகினால் இறுகியதுதான். என் பிடிவாதமும் அதே ரகம். இது என்னடா என்றால் கெடுத்தவன் கையாலேயே திரும்ப உருவாகிறது! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உன் தலையில் களிமண் என்பார். அது பாராட்டு என்று இப்போதுதான் புரிகிறது.

மழைக்கு வீடு கரையாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கீழே கருங்கல் அடித்தளம், மேலே அகலமாக நீட்டிய கூரை, வெளியே சுண்ணாம்புப் பூச்சு, மழைக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் குழாயோடு வராமல் இருந்தால் போதும் என்றாள்.

இன்று மதியம் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, மாதிரிக்குக் கட்டிய அந்த அறையில் பாயை விரித்துச் சற்றுச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். காலை நீட்டி, மல்லாந்து தூங்குகிறாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. இது மூச்சு விடும் சுவர் என்று மகள் சொன்னபோது, தும்முமா என்று கேலி செய்தவன் நான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சுவரில் காதை வைத்தேன். சுவரில் ஒன்றும் கேட்கவில்லை. இவளுடைய மூச்சுதான் இளைப்பில்லாமல் சீராகக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த அறை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சாப்பிட மட்டும் வாயைத் திறங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, முழங்காலுக்குத் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
மண்ணைக் கவ்விய
உங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதம் உங்களுக்கு என்றதும் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இந்த மண் முழுவதும் உங்கள் தோட்டத்தில் கிணறு தோண்டிய மண்ணாமே? வேலை தொடங்கும் முன்பே நீங்களே லாரியில் ஏற்றி அனுப்பி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, மனசு கஷ்டப்படுவாரு" என்றீர்களாமே? அப்படியானால் என்னோடு ஒரே குரலில் பேசுவதாகச் சொன்னது? என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டீர்கள், அதுவும் சொந்த மண்ணை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சண்டையை வைத்துக்கொள்வோம். ஆனால் மெதுவாகத்தான் போட வேண்டும். இவள் இன்னும் தூங்குகிறாள்.