பூதம் மரியாதையாகப் பேசிய விவகாரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பொய்யாகிவிடும். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாயிருக்க வேண்டும். மேற்கொண்டு படிக்கத் தெம்பு வேண்டுமல்லவா?

நம் மாப்பிள்ளை தன் வீடியோ கேம் கம்பெனியில் சொல்லி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தாங்கள் அறிந்ததே. விளையாட்டில் வரும் பாத்திரங்களின் பேச்சைத் தமிழில் எழுத வேண்டும். குகையில் ஒரு பூதம். உள்ளே வருபவரைப் பார்த்து, "டேய், உன் தலையை எடுக்கறேன்டா" என்று அது சொல்ல வேண்டுமாம். நானோ முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் அழைப்பாணை எழுதியவன். ஆடுபவர் யாரோ, என்ன வயதோ, முன்பின் தெரியாதவரை எப்படி 'டேய்' என்பது? மனசு கேட்கவில்லை. "தாங்கள் வருகை தந்தமைக்கு நன்றி. தங்கள் தலை தேவைப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறேன். அசையாமல் ஒத்துழைக்க வேண்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முந்தாநாள் சோதனை. பிழை கண்டுபிடிப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் இருக்கிறாள், 'புயல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நூற்றுக்கணக்கில் பூதங்களைத் தீர்த்துக்கட்டியவள். 'வருந்துகிறேன்' என்றதுமே ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளுத்துவிட்டது. "சார், திட்டினா திருப்பி அடிப்பேன். இது மன்னிப்பு கேக்குது சார்! முடிவு பண்ணிட்டுத்தானே கேக்குது? நான் உள்ள போகமாட்டேன்" என்று எழுந்தே விட்டாள். அடுத்து உட்கார்ந்த இருவரும் அதே இடத்தில் எழுந்தார்கள்.

உடனே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எல்லோரையும் வாய்யா போய்யா என்கிற மனிதர். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "உட்காருங்க ஐயா. ஃபேன் போடட்டுமா? ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சம்பந்தி, எனக்கு மூச்சே நின்னு போச்சு. தப்பா எடுத்துக்காதீங்கன்னு ஆரம்பிச்ச எந்தப் பேச்சு நல்லா முடிஞ்சிருக்கு, சொல்லுங்க? "கை கழுவிட்டு வந்துடறேன்"னு எழுந்தவன், படியிறங்கி வீட்டுக்கே வந்துட்டேன். ரெண்டு நாளா போனை அணைச்சு துணி அலமாரிக்குள்ள வச்சிருக்கேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போயிடறேன். என் வேலை போனாப் போகட்டும், சிபாரிசு பண்ண பாவத்துக்கு மாப்பிள்ளை வேலையும் போயிடுமே! வெளியூர் போயிருக்கும் அவருக்கு இது தெரியாது. தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். என் மகள் காதுக்கு மட்டும் போக வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் இல்லத்தில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்க என் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடவும். மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். இவ்வளவு பயமுறுத்திய பூதத்தின் பேச்சில் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாதாம்; குரலும் நானே கொடுக்க வேண்டுமாம். அதைக் கேட்கத்தான் அன்று அவ்வளவு தயங்கினாராம். காலையிலிருந்து பேசிப் பழகுகிறேன். என் மனைவி சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "முதல்ல என்னை வாடி போடின்னு கூப்பிடுங்க, அப்பத்தான் திறப்பேன்" என்கிறாள். நாற்பது வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, நாக்கு எழவில்லை. மணி மூன்றாகிறது. சாப்பாடு உள்ளே இருக்கிறது.