மொட்டைமாடி மாப்பிள்ளை

தொட்டி அன்றைக்கும் தின்றதே தவிர எரியவில்லை.

மீட்டர்காரர் அடுப்பின் முன்னால் குனிந்து, தீக்குச்சியைக் கிழித்து, திருகைத் திறந்தார். அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டது. உதவி கேட்டுப் போனவரிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்கிறவர்கள் விடும் பெருமூச்சு. அதற்குள் குச்சி எரிந்து விரலைச் சுட்டது. அந்த வீட்டு அடுப்படியில் அன்று தெரிந்த நெருப்பு அவ்வளவுதான்.

“உங்க தொட்டிக்குக் கொட்டாவி விட மட்டும் நல்லா வருது,” என்றாள் மனைவி, கூடத்திலிருந்து எழுந்திருக்காமலே.

“பசியா இருக்கும். இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போட்டேன்.”

“மூணு வாளி போட்டீங்க. எங்க அண்ணனோட மாப்பிள்ளை விருந்துக்கு வந்தப்பக்கூட இவ்வளவு தின்னதில்ல. தின்னுட்டு ஒரு வேலையும் பாக்காம கிடக்கிறதுல மட்டும் ரெண்டும் ஒண்ணு.”

அன்றிலிருந்து தொட்டிக்கு மாப்பிள்ளை என்றே பேர் விழுந்தது.

மாப்பிள்ளை மொட்டைமாடிக்குக் குடிவந்து அப்போது மூன்று மாதம். ஆளுயரக் கறுப்புத் தொட்டி. அதற்குள் தலைகீழாகக் கவிழ்த்த இன்னொரு தொட்டி. வீட்டுக் குப்பையைக் கரைத்து ஊற்றினால் அது உள்ளே புளித்து நொதித்து வாயுவாகும். வாயு சேரச் சேரக் கவிழ்த்த தொட்டி மேலே எழும்பும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வரும். காய்கறித் தோலில் சமையல், செலவில்லாத நெருப்பு, பூமிக்கும் நல்லது. கண்காட்சியில் விற்றவன் இதைச் சொன்னபோது மீட்டர்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதுவரை பூமிக்கு அவர் ஒன்றும் செய்ததில்லை. அந்த வேகத்தில் வீட்டு சிலிண்டர் இணைப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தொட்டி எரிந்த பிறகு கொடுக்கலாமே என்று மனைவி கேட்டதற்கு, நம்பிக்கை வேண்டும் என்று பதில் சொன்னார். நம்பிக்கையில் சோறு வேகாது என்பதை அவள் அப்போது சொல்லவில்லை. தினமும் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அவர் சொன்னது எதுவும் அந்த வீட்டில் சரியாக அமைந்ததில்லை. அலமாரி வாங்கினார், வாசலில் நுழையவில்லை. கூரை ஒழுகலை அடைத்தார், அடுத்த அறையில் ஒழுகியது. ஒரே ஒரு தடவை, ‘நீங்க சொன்னது சரிதாங்க’ என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். வாயு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன; அவருக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை.

வெளியே அவருக்கு இருந்த மதிப்பே வேறு. மின்சார ஆபீசில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிற வேலைதான். ஆனால் எவனாவது கம்பியில் கொக்கி போட்டு இலவசமாகக் கரண்ட் எடுத்தால், வாசலில் நின்றபடியே அது எந்தச் சுவருக்குள் போகிறது என்று சொல்லிவிடுவார். இவர் கண்ணில் மண்ணைத் தூவ இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று மேலதிகாரியே கூட்டத்தில் பேசி, மாலை போட்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் குழாய் வேலையிலா ஏமாந்துவிடுவார்? குழாய்க்காரரைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தார். அதாவது, கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த சாப்பாட்டம்மா தன் கொழுந்தனாரை அனுப்பி வைத்தார். ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அடுக்குப் பாத்திரத்தில் கட்டிக் கொடுப்பது அந்த அம்மாவின் பிழைப்பு. கொழுந்தனார் தொட்டியிலிருந்து இரண்டு குழாய் இழுத்தார். ஒன்று மீட்டர்காரரின் அடுப்புக்கு. இன்னொன்று வெளிச்சுவரோடு கீழே இறங்கியது.

“இது எதுக்கு?” என்று மீட்டர்காரர் விடாமல் கேட்டார். அவரிடம் அது நடக்காது.

“பாதுகாப்புக் குழாய் சார். வாயு அதிகமானா வெளிய போகணும்ல? இல்லைன்னா உங்க மாடி அடுத்த தெருவுல போய் உக்காந்துக்கும்.”

“அதை மேல் பக்கமா விடலாமே?”

“காக்கா கூடு கட்டிரும் சார்.”

மீட்டர்காரர் அசந்துபோனார். தொழில் தெரிந்தவன் என்றால் இவனல்லவா. இரண்டு குழாயும் பிரிகிற இடத்தில் ஒரு சிவப்புத் திருகு இருந்தது. பகல் சூட்டில் ஆபத்து, ஆகையால் பகலெல்லாம் திருகு பாதுகாப்புப் பக்கமே இருக்க வேண்டும், பொழுது சாய்ந்த பிறகுதான் அடுப்புப் பக்கம் திருப்ப வேண்டும் என்று குழாய்க்காரர் சொல்லிவிட்டுப் போனார். மீட்டர்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கீழே இறங்கும் குழாய் நல்ல உறுதியாக இருந்ததால், குப்பை கரைத்த கையைத் துடைக்கும் துணியை அதிலேயே காயப்போட்டார்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது கவிழ்த்த தொட்டி இடுப்புயரம் எழும்பி நிற்கும். மாலையில் வந்து பார்த்தால் உள்ளே அமிழ்ந்து படுத்திருக்கும். குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“மூச்சு விடுது சார். உள்ள இருக்கிறது எல்லாம் உயிருள்ள கிருமி இல்லையா?”

தொட்டி மூச்சு விடுகிற சேதியை மீட்டர்காரர் ஆபீசில் எல்லாரிடமும் சொன்னார்.

மூச்சு விடத் தெரிந்ததற்கு எரியத் தெரியவில்லை என்றால் தீனி போதவில்லை என்றுதானே அர்த்தம்? தெருவில் குப்பை கேட்டார். நல்ல காரியத்துக்கு ஒரு செங்கல் கேட்டால் கதவைச் சாத்துகிற தெரு அது. குப்பை கேட்டதும் கர்ணனாகிவிட்டது. விடிந்து பார்த்தால் வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அவிழ்த்தால் காய்கறித் தோல் ஒரு பிடி. மிச்சமெல்லாம் அறுந்த செருப்பு, தலை போன பொம்மை, பஞ்சு பிதுங்கிய தலையணை. வேலைக்குப் போகுமுன் அவர் வாசலில் உட்கார்ந்து செருப்பையும் தோலையும் தனித்தனியாகப் பிரித்தார். குப்பை வண்டிக்காரர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அதுதான் இவர் இருக்கிறாரே.

அதுவரை மண்ணெண்ணெய் அடுப்பில் சமாளித்த மனைவி அன்றைக்குத்தான் சபதம் போட்டாள். “அந்த அடுப்புல நெருப்பு வர்ற வரைக்கும் நான் சமையலறைக்குள்ள கால் வைக்க மாட்டேன். மின்சார அடுப்பு வாங்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க. பூமிக்கு நல்லது செய்யறவரு வாக்கு மாறக் கூடாது.”

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கீழே சாப்பாட்டம்மா இருக்கவே இருந்தார். இருவேளையும் அடுக்குப் பாத்திரம் மேலே ஏறியது. ஊருக்கு விற்கிற விலையிலிருந்து இவர்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். புண்ணியவதி. காலையில் தன் வீட்டுக் காய்கறித் தோலையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, தண்ணீரும் விட்டுக் கலக்கி, வாளியில் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்தார். ஊரே சிரித்தபோது சிரிக்காத ஒரே முகம் அதுதான்.

“விட்டுராதீங்கண்ணே,” என்பார். “நல்லது செய்யறவங்களுக்குப் பலன் லேட்டாத்தான் வரும். ஆனா யாருக்காவது கட்டாயம் வரும்.”

இப்படி ஒரு தங்கச்சி தனக்குக் கூடப் பிறக்கவில்லையே என்று மீட்டர்காரர் மனைவி காதில் விழும்படியே சொல்லிப் பார்த்தார்.

ஆபீசில் ஒருவர், தொட்டிக்கு வயிறு புளித்திருக்கும், சுண்ணாம்பு கரைத்து ஊற்று என்றார். கொஞ்சம் என்றுதான் சொன்னார். மீட்டர்காரர் ஒரு மூட்டை ஊற்றினார். மாப்பிள்ளைக்கு வாந்தி. வெள்ளை நுரை மாடி வடிகாலில் இறங்கி, பக்கத்து வீட்டில் உலர்ந்த துணி அத்தனையையும் நனைத்தது. துவைத்துக் கொடுத்தவர் மீட்டர்காரர்தான். மனைவி மாட்டேன் என்றுவிட்டாள்.

பிறகு ஒரு நாள், யாரும் எதிர்பாராதபடி, எரிந்தது.

அன்று சாப்பாட்டம்மா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். கீழேயும் சமையல் இல்லை. மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் சாப்பிடப் போய்விட்டாள். மீட்டர்காரர் பசியோடு திருகைத் திருப்பிக் குச்சியைக் காட்டினார். குபுக்கென்று நீல நெருப்பு. தண்ணீர் கொதித்தது. டீ போட்டுக் குடித்தார். இன்னொரு டீ போட்டு, குடிக்க ஆளில்லாமல் அதையும் அவரே குடித்தார். நெருப்பு அணையவே இல்லை.

எப்படி வந்தது? கண்ணை மூடி யோசித்தார். பிடிபட்டது. முந்தின நாள் ஒரு சீப்பு அழுகிய வாழைப்பழம் போட்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் மனைவியை அடுப்பின் முன் நிறுத்திக் குச்சியைக் கிழித்தார். பெருமூச்சு.

“நேத்து எரிஞ்சுது. சத்தியமா.”

“பசி மயக்கத்துல எனக்குக்கூட என்னென்னமோ தெரியும்.”

அதன்பின் வாழைப்பழம்தான். பழக்கடைக்காரர் அழுகலையெல்லாம் இவருக்கென்றே எடுத்து வைத்தார். அழுகல் போதாதபோது நல்ல பழத்தையே நசுக்கிக் கொடுத்தார். வீட்டில் சாப்பிடப் பழம் கிடையாது. மாடியில் மாப்பிள்ளை சீப்புச் சீப்பாக விழுங்கினார்.

சேதி மனைவியின் அண்ணனுக்கு எட்டியது. அவர் வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாதவர். வெள்ளையாக ஒரு வார்த்தை பேசாதவர்.

“மாப்ள, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். எரிஞ்சா நானும் ஒரு தொட்டி வாங்கறேன். எரியலைன்னா அதை இறக்கிட்டு, என் தங்கச்சிக்குப் பழையபடி சிலிண்டர் வாங்கிக் குடுத்துருங்க. சம்மதமா?”

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். “எரிஞ்சா நான் சொன்னது சரின்னு உங்க அண்ணன் முன்னால சொல்லணும்.”

“சொல்றேன்,” என்றாள். கிண்டலாகத் தெரியவில்லை. அவளுக்கும் தன் அடுப்படிக்குத் திரும்பிப் போக ஆசை இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டம்மாவுக்கு ஏதோ பெரிய ஆர்டர். காலையிலிருந்தே கீழ்வீட்டு வதக்கல் வாசனை மாடிவரை தூக்கியது. அந்த வாசனையில் நின்றுகொண்டு மீட்டர்காரர் ஒரு கூடை வாழைப்பழத்தைத் தோலோடு தொட்டிக்குள் தள்ளினார். மிச்சமிருந்ததையும் தள்ளினார். பொழுது சாய்ந்தது. மச்சான் வந்தார். அடுப்பு பெருமூச்சுகூட விடவில்லை.

“எங்கயோ அடைச்சிருக்கு,” என்று மீட்டர்காரர் ஒரு கம்போடு மாடிக்கு ஓடினார். தொட்டியின் பக்கவாட்டில், செரித்த கழிவு வழிந்து வெளியேறுவதற்கு ஒரு துவாரம் உண்டு. மச்சான் அதன் எதிரே குனிந்து உள்ளே பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையே மாப்ள.”

மீட்டர்காரர் மேலேயிருந்து கம்பால் ஒரு குத்துக் குத்தினார். அப்புறம் தெரிந்தது. ஐந்து மாதக் குப்பையும் ஒரு கூடை வாழைப்பழமும் ஒரே வீச்சில் மச்சான் சட்டையில் வந்து இறங்கின.

மச்சான் வாயைத் திறக்கிற நிலையில் இல்லை. மனைவி மட்டும் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து அண்ணன் தலையில் ஊற்றியபடி, “போதுங்க,” என்றாள். திட்டியிருந்தால் மீட்டர்காரர் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். அவள் திட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் பழைய சாமான்காரர் வந்தார். சேதி கேட்டுச் சாப்பாட்டம்மா, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், மாடிக்கு ஓடிவந்தார்.

“அண்ணே, இன்னும் ஒரே ஒரு மாசம் பொறுங்கண்ணே. அவசரப்படாதீங்க. வாளி வேணும்னா நானே தூக்கியாந்து ஊத்தறேன்.” கண்ணில் நிஜமாகவே தண்ணீர். தொட்டியைத் தடவிக் கொடுத்தார். மீட்டர்காரர் கைகூப்பினார். அவருக்காக அந்த வீட்டில் ஒரு கண்ணாவது கலங்கியதே.

“வேண்டாம்மா. உங்களுக்கு இருந்த நம்பிக்கை என் வீட்டுல இல்ல.”

சாமான்காரர் தொட்டியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தார். “இந்தக் குழாய் எங்க போகுது சார்?”

“அது சும்மா காத்துக்குப் போற குழாய். சுவரோட பதிஞ்சிருக்கு, கிடக்கட்டும்.”

செவ்வாய்க்கிழமை காலை கீழ்வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரம் வரவில்லை. இன்றைக்குச் சமையல் இல்லை, மனசே சரியில்லை என்று சாப்பாட்டம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு தொட்டிக்காக உலையை இறக்கித் துக்கம் காக்கிற மனுஷி உலகத்தில் உண்டா? மீட்டர்காரர் வெறும் வயிற்றோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏதோ ஒரு தெருவில் எவனோ கொக்கி போட்டிருக்கிறானாம்; இவர் போனால்தான் பிடிபடும் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

படியிறங்கும்போது சிலிண்டர்காரர் எதிரே வந்தார். தோளில் ஒன்று, வாசலில் இறக்கி வைத்தது இன்னொன்று. மனைவி அதற்குள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று மீட்டர்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

“மாடி வீட்டுக்குத்தானே? மேல போங்க.”

“இல்ல சார், கீழ்வீட்டுக்கு. நாலு மாசமா ஒரு சிலிண்டர்கூட எடுக்காத அம்மா, நேத்து சாயங்காலம் சமைச்சிட்டிருக்கும்போதே அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு அவசரமா ரெண்டு கேட்டாங்க.”