அண்ணாவுக்குப் பிடித்த சீற்

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கால் முந்திவிடும். மூளை அடுத்த ரயிலில்தான் வரும்.

சீனி வருத்தத்தால் புண் ஆறாமல் அண்ணாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த திகதி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போவோம் என்றார் அண்ணி.

"காலி வீதி ட்ரஃபிக்கில மாட்டுப்படுவம், அண்ணி. ட்ரெயின்தான் சரி. நான் பாத்துக்கொள்ளுறன்."

(நான் பார்த்துக்கொண்ட எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.)

ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். எங்கள் பிளாட்போமுக்குப் போக மேம்பாலம். மேம்பாலம் முழுக்கப் படிகள். முன்பின் தெரியாத நான்கு பேர் அண்ணாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள். அண்ணா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

அவர்கள் இறக்கிவைத்துவிட்டுத் தங்கள் வழியே போனார்கள். ரயில் வந்தது. சனம் முண்டியடித்தது. வாழ்நாள் பழக்கம், பாய்ந்து ஏறினேன். யன்னலோரச் சீற்றில் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன்.

"அண்ணாவுக்குச் சீற் பிடிச்சிட்டன். கெதியா வாங்கோ."

சொந்தக் கதிரையோடு வந்த மனிதருக்கு!

அண்ணி முழங்கால் உயரத்தில் இருந்த மிதிபலகையைப் பார்த்தார்.

"டேய், இறங்கி வந்து தூக்கடா" என்றார் அண்ணா.

ரயில் நகர்ந்துவிட்டது. குதிக்கப் பயம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பியிருக்கலாம். ஃபைலாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும் என்று தோன்றியது. பிடித்த சீற்றில் நானே இருந்தேன்.

எட்டரைக்கே போய்ச் சேர்ந்தேன். தாதி ஃபைலைப் புரட்டினார். மேசைக்கு மேலால் எட்டி என் இரண்டு கால்களையும் பார்த்தார். நோயாளி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஸ்டேஷனில, மிஸ்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அடுத்த திகதி எட்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் இருந்த இருப்பில் மற்றக் காலும் பலமிழந்துவிட்டது. செயற்கைக் கால் வந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அண்ணா நிற்பதில்லை.

ஸ்டேஷனில் சாய்தளம் கேட்டு அவர் வருடந்தோறும் மனு எழுதுகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். "மேற்படி நிலையத்தில் தற்போது எனது தம்பி மாத்திரமே ரயில் ஏறக்கூடியதாக உள்ளது" என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணாவும்தான்.

அண்ணி தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவார்.